தலையில் அடிபட்ட மாணவன் எப்போது திரும்ப ஆடலாம்?



பி.காம் படிக்கிற ஆளுக்கு மூளை நரம்பியலில் என்ன வேலை என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். இது மருத்துவக் கட்டுரை இல்லை. ஒரு முடிவை யார் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலாக நடந்த சண்டையின் வரலாறு. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம், அதைச் சரிபார்ப்பது யார் என்பதெல்லாம் நாம் மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்கிற விஷயம்தானே.

கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம். பெயர்தான் ஃபுட்பால், பந்து முக்கால்வாசி நேரம் கையில்தான் இருக்கும். ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் ஆட்டமே. அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் லட்சக்கணக்கில் இதை ஆடுகிறார்கள். மோதினால் தலையில் அடிபடும். தலையில் அடிபட்டால் கன்கஷன், தமிழில் மூளையதிர்ச்சி.

முதலில் கன்கஷன் என்றால் என்ன?

மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. பலமான அடியோ திடீர்க் குலுக்கலோ வந்தால் மூளையும் உள்ளே குலுங்கும். எலும்பு உடையாது, பெரும்பாலும் ரத்தமும் கசியாது. அதனால் சாதாரண ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, இப்படித்தான் வரும்.

உள்ளே நடப்பதை நம் பாஷையில் சொல்கிறேன். அடிபட்டதும் மூளைச் செல்களின் உப்புச் சமநிலை குலைந்து போகிறது. பொட்டாசியம் வெளியே போகும், கால்சியம் உள்ளே வரும். இதைச் சரிசெய்ய செல்களுக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு கூடி வரவு குறைந்த கம்பெனி மாதிரி. வெளியே போர்டு தொங்கும், கதவு திறந்திருக்கும், உள்ளே கையிருப்பு இருக்காது. அந்த நிலையில் இன்னொரு பெரிய செலவு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1905: ஜனாதிபதி தலையிட்ட ஆட்டம்

1905ஆம் வருஷ சீசனில் மட்டும் ஃபுட்பால் ஆடி ஏறக்குறைய 18 பேர் செத்துப்போனதாக அக்காலத்துப் பத்திரிகைகள் கணக்குச் சொன்னன. அவர்களில் பலர் பள்ளிக்கூடப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அவர் மகனே அப்போது ஹார்வர்டு முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். மறு வருஷம் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது அப்போதுதான். பின்னாளில் என்.சி.ஏ.ஏ என்று பெயர் பெற்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் பிறந்ததும் 1906ல்தான்.

இதெல்லாம் பல இடங்களில் எழுதப்பட்ட கதை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஹார்வர்டு அணியைக் கவனித்துக்கொண்ட நிக்கோல்ஸ், ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் 1905 சீசன் முழுவதும் நடந்த காயங்களை ஒன்றுவிடாமல் குறித்துவைத்து 1906 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்த சீசனில் கன்கஷன் நடக்காத ஆட்டம் இரண்டே இரண்டுதான் என்று எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றும் எழுதினார்கள். அடிபட்டவன் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தொடர்ந்து ஆடுவதையும், கூட ஆடுகிறவர்களுக்கே அது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிவதையும் குறித்திருக்கிறார்கள்.

அதாவது பிரச்சனை என்ன என்பது 1906லேயே அச்சில் வந்துவிட்டது.

1933: கையேட்டில் இருந்த பதில்

பிரச்சனை தெரிந்தது, தீர்வு தெரியவில்லை என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. 1933ல் என்.சி.ஏ.ஏ பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமாக ஒரு மருத்துவக் கையேடு போட்டது. கன்கஷன் ஆனவனுக்கு ஓய்வு வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேலும் அறிகுறி இருந்தால் 21 நாளோ அதற்கு மேலோ ஆட விடக்கூடாது, ஒருவேளை ஆடவே விடக்கூடாது என்று அதில் இருந்தது. 1952ல் ஹார்வர்டு மருத்துவர் தார்ண்டைக் இன்னொரு படி போனார். மூன்று முறை கன்கஷன் ஆனால் மோதல் விளையாட்டையே விட்டுவிட வேண்டும் என்றார்.

1984ல் சாண்டர்ஸ், ஹார்பா என்ற இருவர் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கல்லூரி ஆட்டக்காரனின் மரணத்தைப் பற்றி எழுதினார்கள். முதல் அடியிலிருந்து முழுதாகத் தேறாத மூளைக்கு இரண்டாவதாகச் சின்ன அடி பட்டாலும், மூளை மளமளவென்று வீங்கி உயிரே போகலாம் என்றார்கள். 'இரண்டாம் அடி நோய்' என்ற அர்த்தத்தில் இதற்கு ஒரு பெயரும் நிலைத்துவிட்டது. இரண்டாவது அடி உண்மையிலேயே தேவையா, முதல் அடியே போதுமா என்று மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் இது ரொம்ப அபூர்வமானது என்பதிலும், வந்தால் பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்குத்தான் என்பதிலும் பெரிய சண்டை இல்லை.

ஒரு பக்கம் எச்சரிக்கை இப்படி வளர்ந்தது. இன்னொரு பக்கம் சலுகையும் வளர்ந்தது. 1980, 90களில் கன்கஷனைத் தரம் பிரிக்கும் அட்டவணைகள் பல வந்தன. 1997ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி கொடுத்த வழிகாட்டியில், லேசான கன்கஷன் என்றால், 15 நிமிஷத்தில் அறிகுறி போய்விட்டால், அன்றைக்கே திரும்ப ஆடலாம் என்று இருந்தது. மருத்துவர்களே கொடுத்த 15 நிமிஷம்! 1933ல் 48 மணி நேரம் என்று எழுதியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் சம்பவத்தில் எல்லாப் பழியையும் மைதானத்தில் நின்ற ஆட்கள் தலையில் போடுவது சுலபம். அவர்களுக்குக் கிடைத்த அறிவுரையே அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

2006, அக்டோபர் 12

வாஷிங்டன் மாநிலம், மேப்பிள் வேலி என்ற ஊர். சாக்கரி லிஸ்டெட், வயது 13. பள்ளி அணியில் நல்ல ஆட்டக்காரன். இடைவேளைக்கு முன்பு ஒருவனை மடக்கிச் சாய்க்கும்போது தலை தரையில் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை வெளியே கூட்டிப்போனார்கள். நினைவு தப்பவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கி, கடைசிவரை ஆடினான். ஆட்டம் முடிந்ததும் தலை ரொம்ப வலிக்கிறது என்று அப்பாவிடம் சொன்னவன் மைதானத்திலேயே சரிந்தான்.

ஹெலிகாப்டரில் சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வீங்கும் மூளைக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டின் இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்தான். முதல் வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆனது. கையையோ காலையோ அசைக்க 13 மாதம். குழாய் வழியே உணவு 20 மாதம்.

அந்தக் குடும்பத்தோடு வழக்கறிஞர் ரிச்சர்ட் ஆட்லர், மருத்துவர் ஸ்டான்லி ஹெரிங் போன்றவர்கள் சேர்ந்து மாநில சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2009 மே மாதம் ஆளுநர் கிரிஸ்டின் கிரகோயர் கையெழுத்துப் போட, லிஸ்டெட் சட்டம் வந்தது. அதன் சாரம் மூன்றே வரி:

1. ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு முன் மாணவனும் பெற்றோரும் கன்கஷன் பற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

2. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே அவனை உடனே வெளியே எடுக்க வேண்டும். நிரூபணம் தேவையில்லை, சந்தேகமே போதும்.

3. கன்கஷன் பற்றிப் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள மருத்துவப் பணியாளர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப வரலாம்.

இதில் புது மருத்துவக் கண்டுபிடிப்பு ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. 1933 கையேடே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. புதுசு என்னவென்றால், முடிவெடுக்கும் உரிமை கை மாறியது. கோச்சுக்கு ஜெயிக்க வேண்டும். மாணவனுக்கு ஆட வேண்டும். அப்பா அம்மாவுக்கும் பிள்ளை ஆடுவதைப் பார்க்க ஆசை. அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் 'ஒன்றுமில்லை, ஆடலாம்' என்ற பதிலில்தான் லாபம். கணக்கு எழுதியவனே அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக்கூடாது என்று முதல் வருஷமே நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதே தத்துவம். ஆட்டத்தின் முடிவில் லாப நஷ்டம் இல்லாத ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது விதியும் நமக்குப் பழக்கமானதுதான். வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை.

மற்ற மாநிலங்களுக்கு எப்படிப் பரவியது?

ஐந்து வருஷத்துக்குள், 2014 ஜனவரியில் மிசிசிப்பியோடு சேர்த்து, 50 மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. எழுபது வருஷம் அலமாரியில் தூங்கிய அறிவுரைக்குத் திடீரென்று கால் முளைத்தது எப்படி?

பரிதாபம் மட்டும் காரணம் இல்லை. 2002ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல தொழில்முறை ஆட்டக்காரரின் மூளையை பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் ஆராய்ந்து, வருஷக்கணக்காக வாங்கிய அடிகளின் தடயத்தைக் கண்டு 2005ல் கட்டுரை வெளியிட்டிருந்தார். 2009 அக்டோபரில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல் தலைவரை அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. லீகின் பெயர் கெட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், 2010 மே மாதம் அதே தலைவர் 44 மாநில ஆளுநர்களுக்கு லிஸ்டெட் சட்டம் போல ஒன்று கொண்டுவாருங்கள் என்று கடிதம் எழுதினார். 2013ல் முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 765 மில்லியன் டாலர் தர லீக் ஒப்புக்கொண்டது. நல்ல பெயருக்காகச் செய்தார்களா, நல்ல மனசோடு செய்தார்களா? இரண்டும் கலந்திருக்கலாம். பலன் என்னவோ பள்ளிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பலன் உண்மையிலேயே இருந்ததா என்றும் பார்த்தார்கள். 2017ல் வந்த ஒரு ஆய்வு, சட்டம் வந்த பிறகு முதலில் பதிவான கன்கஷன்களின் எண்ணிக்கை கூடியது என்றது. பயப்பட வேண்டாம். மறைத்து வைத்த கடனைக் கணக்கில் காட்டியதும் பேலன்ஸ் ஷீட் மோசமாகத் தெரியுமே, அப்படி. ஏறக்குறைய இரண்டரை வருஷத்துக்குப் பிறகு, ஒரு முறை அடிபட்டவர்களுக்கே மறுபடி கன்கஷன் ஆவது குறைய ஆரம்பித்தது. சட்டத்தின் நோக்கமே அதுதானே.

ரோவன் சொல்லாமல் விட்டது

சட்டத்தால் எட்ட முடியாத ஒரு இடம் இருக்கிறது. 2013 மே மாதம், கனடாவின் ஒட்டாவா நகரம். ரோவன் ஸ்டிரிங்கர், 17 வயது, பள்ளி ரக்பி அணியில் ஆடும் பெண். ஒரே வாரத்துக்குள் மூன்று முறை அடிபட்டாள். கடைசி அடிக்குப் பிறகு நினைவு திரும்பவில்லை. மே 12ஆம் தேதி இறந்தாள்.

பிறகு அவளுடைய கைபேசியைப் பார்த்தபோது தெரிந்தது, தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. இணையத்தில் தேடியிருக்கிறாள். தோழியிடம் குறுஞ்செய்தியில் பேசியிருக்கிறாள். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் போய்விடுமே என்ற பயம்.

2015ல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகள் கொடுத்தது. 2018ல் ஒண்டாரியோ மாகாணத்தில் ரோவன் சட்டம் வந்தது. வெளியே எடுப்பது, படிப்படியாகத் திரும்ப வருவது என்பதோடு, ஒவ்வொரு வருஷமும் ஆட்டக்காரர், பெற்றோர், கோச் எல்லோரும் கன்கஷன் பற்றிப் படித்தாக வேண்டும் என்றது. செப்டம்பர் மாதக் கடைசி புதன்கிழமை அங்கே ரோவன் சட்ட நாள். ஸ்கேனில் தெரியாத காயத்துக்கு முதல் சாட்சி அடிபட்டவர்தான். அவர் வாய் திறக்கவில்லை என்றால் எந்த ஆடிட்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லோரும் மறந்த இடம்: வகுப்பறை

இதுவரை படித்ததில் ஒன்றைக் கவனித்தீர்களா? மாணவ ஆட்டக்காரன் என்று சொல்கிறோம், பேச்செல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான். மாணவன் என்ற வார்த்தையை யாருமே கண்டுகொள்ளவில்லை. 1906லிருந்து கேள்வி 'எப்போது ஆடலாம்' என்பதே. 'எப்போது படிக்கலாம்' என்று பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது 2010க்கு அப்புறம்தான். 2013ல்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி கன்கஷனுக்குப் பிறகு படிப்புக்குத் திரும்புவது பற்றித் தனியாக ஒரு அறிக்கை கொடுத்தது.

கால் உடைந்தவனுக்குக் கட்டு இருக்கும். யாரும் மாடி ஏறச் சொல்ல மாட்டார்கள். கன்கஷன் ஆனவன் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். கரும்பலகையை உற்றுப் பார்த்தால் தலை வலிக்கும், ஒரு பத்தியை மூன்று முறை படித்தாலும் மண்டையில் ஏறாது. ஆசிரியருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும், நண்பர்களுக்கு நடிப்பாகத் தெரியும். அவனுக்குத் தேவை சின்னச் சின்ன சலுகைகள்தான். கொஞ்ச நாள் அரை நாள் பள்ளி, தேர்வுக்குக் கூடுதல் நேரம் அல்லது தள்ளிவைப்பு, நடுவில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு அமைதியான அறை.

இங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. கொஞ்ச காலம் மருத்துவர்கள் எதிர்ப்பக்கம் அதிகமாகவே சாய்ந்தார்கள். இருட்டறையில் படு, புத்தகம் வேண்டாம், நண்பர்கள் வேண்டாம் என்று நாள்கணக்கில் அடைத்துவைத்தார்கள். 2015ல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 11 முதல் 22 வயதுவரை உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் கட்டாய ஓய்வு எடுத்தவர்கள், ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்துப் படிப்படியாக எழுந்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள்! 2019ல் வந்த இன்னொரு ஆய்வில், அறிகுறி கூடாத அளவுக்கு நடை, சைக்கிள் என்று லேசான பயிற்சி செய்த பிள்ளைகள் சராசரியாக 13 நாளில் தேறினார்கள், வெறும் உடல் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. செல்போனுக்கு மட்டும் தள்ளுபடி இல்லை. 2021 ஆய்வு ஒன்றில், முதல் 48 மணி நேரம் திரை பார்க்காதவர்கள் மூன்றரை நாளில் தேற, பார்த்தவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது.

2001ல் வியன்னாவில் தொடங்கிய உலக நிபுணர்களின் கூட்டம் 2022ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 2023ல் வெளியான அதன் அறிக்கை சொல்வதைச் சுருக்கினால்: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு. பிறகு வீட்டு வேலை, லேசான நடை. பிறகு வீட்டில் கொஞ்சம் படிப்பு, அரை நாள் பள்ளி, முழு நாள் பள்ளி. ஆட்டத்துக்கு ஆறு படிகள், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். யாரும் மோதாத பயிற்சிக்கு முன்பே அறிகுறிகள் முழுதாகப் போயிருக்க வேண்டும். மோதலோடு கூடிய பயிற்சிக்கு மருத்துவர் அனுமதி வேண்டும். முழுதாகப் பள்ளிக்குத் திரும்பாதவன் முழுதாக ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது.

அந்த 15 நிமிஷ வழிகாட்டி கொடுத்த நரம்பியல் அகாடமியும் 2013ல் அதை மாற்றி, சந்தேகம் வந்தாலே வெளியே எடு என்று சொல்லிவிட்டது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதன் ஒரு கிளை தெரிந்திருக்கும். 2019 ஆகஸ்டில் கன்கஷன் ஆனவருக்குப் பதில் ஆளை இறக்கலாம் என்ற விதி வந்தது. அதே மாதம் லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் வந்தார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தபோது, இது நியாயமா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்த விதியின் நோக்கம் ரொம்ப எளிமையானது. உட்கார்ந்தால் அணிக்கு நஷ்டம் என்ற நிலைமை இருக்கும்வரை எவனும் உட்கார மாட்டான். அந்த நஷ்டத்தை நீக்கிவிட்டால் உண்மையைச் சொல்வான்.

எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது இதுதான். 1906ல் தெரிந்தது, 1933ல் எழுதப்பட்டது, 2009ல் சட்டமானது. நடுவில் இருந்த வருஷங்களில் தடுத்தது அறியாமை மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் கொஞ்சம் நஷ்டம், சொல்லாவிட்டால் யாரோ ஒருவனுக்கு மட்டும் பெரிய நஷ்டம். அந்த ஒருவன் யார் என்று முன்கூட்டியே தெரியாததால், எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

சாக்கரி 2011ல் தன் வகுப்பு நண்பர்களோடு பள்ளிப் படிப்பை முடித்தான். பட்டமளிப்பு மேடையை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நடந்தே கடந்தான்.

நம் கல்லூரி மைதானத்திலோ தெரு கிரிக்கெட்டிலோ யாராவது தலையில் அடிபட்டு, 'ஒண்ணுமில்லடா' என்று எழுந்து நின்றால், அன்றைக்கு மட்டும் அவன் பேச்சை நம்பாதீர்கள். உட்கார வையுங்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். மேட்ச் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம். அதற்குள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் வேறு வருகிறது, பார்க்கலாம்.